முக்கியமாக எதுவும் இல்லை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று நீங்கள் இரண்டு முறை ஃபோன் செய்தும் நான் எடுக்கவில்லை. கோபமாக இருப்பீர்கள். அலுவலகத்தில் என் மேசைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். வீட்டு விஷயத்தை அவர்கள் காதில் விழும்படி பேச எனக்கு வராது. கழிப்பறைக்குப் போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். அங்கே யாரோ பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும். எழுதுவதென்றால் எனக்குத் தடையே இல்லை. நீளமாக இருந்தால் ஃபோனில் படிக்கக் கண் வலிக்கிறது என்று நீங்கள் சொன்னதால் தாளில் எழுதுகிறேன்.

நான் வந்திருந்தபோது உங்கள் ஃபோனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன் அல்லவா, அதைப் பற்றித்தான். இங்கே என் உத்தியோகமே அதுதான்: யார், எதை, எப்போது முடிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்புவது. இதற்கா கல்லூரிக்கு அனுப்பினோம் என்று அண்ணன் சிரித்தான். ஆனால் இது இல்லாமல் இந்தக் கட்டடத்தில் ஒரு நாற்காலிகூட நகராது.

அம்மாவின் காலுக்கும் அப்படி ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். மருத்துவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். சர்க்கரை இருக்கிற உடம்பு, புண் இன்னொரு முறை உள்ளே இறங்கினால் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். அதனால் காலையில் கழுவுவது, கட்டு மாற்றுவது, மாத்திரை, சாயங்காலம் விரலிடுக்கைத் துடைப்பது, எல்லாம் நேரத்தோடு உங்கள் ஃபோனில் வரும். செய்து முடித்ததும் பக்கத்தில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் போதும். இங்கே எனக்குத் தெரிந்துவிடும். நிறங்கள் நிறைய இருக்கும். அதைப் பற்றி நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. போன தடவை மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பைத் தடவி புண்ணைக் கெடுத்ததுபோல இனி நடக்கக் கூடாது. எந்த மாற்றம் தெரிந்தாலும் பட்டியலில் போடுங்கள். மருத்துவரிடம் நேரம் வாங்குவது என் பொறுப்பு. என்னைக் கேட்காமல் எங்கேயும் அழைத்துப் போக வேண்டாம். ஃபோனும் வேண்டாம். பட்டியல் போதும்.

அண்ணன் லாரியில் எந்தப் பக்கம் போயிருக்கிறான்?

சின்னு


ஜூன் 12

சின்னுவுக்கு,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்னால் உன் ஆப் வந்துவிட்டது. இருட்டு விலகுவதற்குள் தலைமாட்டில் டிங் என்கிறது. கல்யாணமான நாளிலிருந்து உன் அண்ணன்கூட என்னை இவ்வளவு அக்கறையாக எழுப்பியதில்லை.

பிஸ்கட் கம்பெனியில் எங்கள் பேக்கிங் வரிசையில் ஃபோன் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் சூப்பர்வைசரிடம் கெஞ்சி இடுப்பில் செருகிக்கொண்டேன். முதல் நாள் டிங் என்றதும் அவர், "என்னம்மா, வீட்ல கைக்குழந்தையா?" என்றார். "இல்ல சார், நாத்தனார்" என்றேன். வரிசையே சிரித்துப் பெட்டிகள் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டன. இப்போது என் ஃபோன் சத்தம் போட்டாலே, "உன் நாத்தனார் கூப்பிடறா பாரு" என்கிறார்கள்.

அத்தைக்குத்தான் பெரிய சந்தோஷம். டிங் என்றால் அது உன் குரல் என்று நினைப்பு.

"என்ன எழுதியிருக்கா?"

"உங்க காலைக் கழுவச் சொல்லியிருக்கா."

"வேற?"

"கழுவிட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கா."

"அவ்ளோதானா? என்னை ஏதும் கேக்கலயா?"

அதனால் நேற்று நானே ஒன்று போட்டேன். எப்படிப் போடுவது என்று பக்கத்து மெஷினில் இருக்கிற பெண் சொல்லிக் கொடுத்தாள். 'அத்தை உன்னைக் கேட்டார்' என்று போட்டிருக்கிறேன். பார்த்தாயா?

உன்னிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். கையெல்லாம் மருந்தோடு ஃபோனைத் தொட முடியாது. கட்டுப் போட்டு, கை கழுவி, அடுப்பைப் பார்த்து, அத்தைக்கு ஊட்டிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினால் டீ நேரத்தில்தான் உன் வட்டத்தைத் தொட முடிகிறது. அதற்குள் எல்லாம் சிவந்து போய் நிற்கின்றன. எட்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டில் டீச்சர் சுழித்துச் சுழித்து வைத்திருப்பாரே, அதே மாதிரி. வேலையைச் செய்துவிட்டும் திட்டு வாங்குகிறேன். அந்தச் சிவப்பைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?

கால் பரவாயில்லை. புண்ணின் ஓரம் காய்ந்து வருகிறது.

அண்ணி


ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

சிவப்பை நான் குறைக்க முடியாது. குறித்த நேரம் தாண்டினால் அதுவாகவே சிவக்கும். அவசரமான வேலைகளுக்கு நானும் சிவப்புக் கொடி வைத்திருக்கிறேன். நீங்கள் நேரத்தில் தொட்டால் பிரச்சினையே இல்லை.

திங்கட்கிழமை கழுவியது, கட்டியது, மாத்திரை, மூன்றையும் ஒரே நிமிடத்தில் தொட்டிருக்கிறீர்கள். செவ்வாயும் அப்படியே. இங்கே யாராவது இப்படிச் செய்தால் நாங்கள் என்ன நினைப்போம் தெரியுமா? வேலையைச் செய்யாமல் வட்டத்தை மட்டும் தொட்டிருக்கிறார் என்று நினைப்போம். உங்களை அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? அதனால் இன்றிலிருந்து கட்டு மாற்றியதும் காலைப் படம் எடுத்து அதிலேயே சேர்த்துவிடுங்கள். படம் இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகச் செயலி எடுத்துக்கொள்ளாது.

இன்னொன்று. நீங்கள் போடுகிறவை பட்டியலுக்குரியவை அல்ல. 'அத்தை உன்னைக் கேட்டார்.' 'இன்று மழை.' 'அத்தை சரியாகத் தூங்கவில்லை.' இவற்றை வைத்து நான் என்ன செய்வது? ஒரு வேலை என்றால் அதில் வினைச்சொல் இருக்க வேண்டும். வாங்கவும், கழுவவும், பார்க்கவும், இப்படி. 'உன்னைக் கேட்டார்' என்பதை எப்போது முடிந்ததாக நான் தொடுவேன்? எனக்கு அலுவலகத்திலிருந்து வருபவையே திரை கொள்ளாமல் இருக்கின்றன. அதனால் முக்கியமானவை மட்டும் கண்ணில் படும்படி மாற்றி வைத்துக்கொண்டேன்.

பேக்கிங் வரிசையில் என்னைப் பற்றிச் சிரிப்பதாக எழுதியிருந்தீர்கள். சிரிக்கட்டும். அங்கே நிற்பவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு இருக்காது.

மாத்திரை தீர்வதற்குள் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம், பட்டியலில் போடுங்கள்.

சின்னு


ஜூன் 29

சின்னுவுக்கு,

அங்கே நிற்பவர்கள் என்று எழுதியிருக்கிறாய். நானும் அங்கேதான் நிற்கிறேன். உனக்கு ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

வேலையைச் செய்யாமல் வட்டத்தைத் தொட்டேன் என்று நீ சொல்லவில்லையாம், நினைப்பாயாம். சரி. படம் எடுத்து அனுப்புகிறேன். ஒரு கையில் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் ஃபோன். முதல் படத்துக்கு அத்தை புடவையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். "காலை எதுக்குடி படம் பிடிக்கற?" "உங்க பொண்ணு கேட்டா." உடனே மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மூஞ்சியும் சேத்து எடு" என்றார். உனக்கு வேண்டியது கால் மட்டும்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? முகத்துக்கு நேராக ஃபோனைக் காட்டிவிட்டு, பிறகு காலைத் தனியாக எடுத்தேன்.

உன் அண்ணன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். பட்டியல் விஷயத்தில் உனக்கும் எனக்கும் சரியில்லை என்று சொன்னதற்கு, "அவ படிச்சவ, அவ சொல்றபடி செஞ்சுட்டுப் போயேன்" என்றார். செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

இனி வீட்டுச் சங்கதி எதையும் கடிதத்தில் எழுதமாட்டேன். எழுதினால் இது பட்டியலுக்குரியது என்பாய். பட்டியலில் போட்டால் வினைச்சொல் எங்கே என்பாய். நேற்றுச் சாயங்காலம் அத்தையின் காலைப் பற்றி ஒன்று போட்டிருக்கிறேன். வினைச்சொல்லோடுதான். பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல். உன்னைக் கேட்காமல் எங்கேயும் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். காத்திருக்கிறோம்.

அண்ணி


ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததும் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டேன். முக்கியமாக எதுவும் இல்லை. வீணாகப் பயந்து அம்மாவையும் பயமுறுத்தாதீர்கள். படங்கள் ஒழுங்காக வருகின்றன. கட்டு வழக்கம்போல் தொடரட்டும்.

இந்த மாதம் எங்களுக்குப் பெரிய தணிக்கை நடக்கிறது. வாரக்கடைசியிலும் வேலை. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

சின்னு


ஜூலை 27

அன்புள்ள அண்ணிக்கு,

மருத்துவமனையில் உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டேன். வராந்தாவில் தண்ணீர்ப் பாட்டிலோடு நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே உங்களைக் கடந்து போய்விட்டேன். படி இறங்கிய பிறகு திரும்பி வருவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அம்மாவின் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ரயிலில் செயலியைத் திறந்து, மறைத்து வைத்தவற்றையும் காட்டும்படி மாற்றினேன். அடியில், மழைக்கும் தூக்கத்துக்கும் கீழே இருந்தது. 'அத்தைக்கு இரண்டாவது விரல் கறுத்திருக்கிறது. பார்க்கவும்.' நீலக் கொடியோடு.

அண்ணி, ஏன் நீலத்தில் போட்டீர்கள்? அவசரத்துக்குச் சிவப்பு என்று நான் எழுதியிருந்தேனே. நீலத்தில் இருப்பது எதுவும் என் திரைக்கு வராது. சிவப்பில் போட்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் நேரம் வாங்கியிருப்பேன். அம்மாவுக்குக் கால் இருந்திருக்கும். உங்கள் விரல் இரண்டு நூல் அளவு தள்ளிப் பட்டிருந்தால் போதும். என்னால் இதைத் தாங்க முடியவில்லை. படங்களிலாவது தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். படம் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன், திறக்கமாட்டேன். அவை நான் சாப்பிடுகிற நேரத்தில் வருகின்றன.

அண்ணன் ஃபோன் செய்தான். "அவ ஏதோ போட்டேன்னு சொல்றா. உனக்கு வந்துச்சா, வரலையா? அதை மட்டும் சொல்லு" என்றான். "வரல" என்றேன். பொய் சொல்லவில்லை. என் திரைக்கு வரவில்லை. அவன் அதற்குமேல் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டியலை அழித்துவிட்டேன். அதில் பெரும்பாலும் காலைப் பற்றிய வேலைகள். இனி தேவைப்படாது.

அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா, இளைச்சுட்டியே" என்றாள், அவ்வளவுதான். அவளுக்கு என்ன தெரியும், நீங்கள் அவளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அது தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

சின்னு


ஆகஸ்ட் 6

சின்னுவுக்கு,

நீலம் ஏன் என்று கேட்டிருக்கிறாய். சிவப்பு நீ எனக்குப் போடுவது. நான் தாமதித்தால் சிவப்பு, தப்புச் செய்தால் சிவப்பு. அவசரத்துக்கு என்று நீ ஒரு வரி எழுதியிருந்தாய். ஆனால் எனக்கு அந்த நிறத்தில் வந்ததெல்லாம் திட்டுதான். வீட்டில் படித்த பெண் நீ ஒருத்தி. உன்னிடம் நான் சிவப்பில் பேசலாமா என்று யோசித்தேன். என் விரல் சிவப்பின் மேல்தான் முதலில் போனது. எடுத்துவிட்டேன். நீலம் மரியாதையாகத் தெரிந்தது.

இனி நீ கேட்ட இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இந்தத் தாளை இரண்டு முறை மடித்து வைத்தேன். கேட்டது நீ.

உன் பதில் வரும் வரும் என்று பார்த்தோம். கறுப்பு பக்கத்து விரலுக்கும் போனது. ஒரு நாள் காலையில் நீ திட்டினால் திட்டு என்று கம்பெனிக்கு லீவு சொன்னேன். அத்தைக்குப் புடவை மாற்றி, தலை வாரி, நல்ல காலில் செருப்பும் போட்டுவிட்டேன். ஆட்டோக்காரர் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னாலேயே தபால்காரர். உன் கடிதம்.

"பிரி, பிரி. அவ என்ன சொல்றான்னு பாத்துட்டுப் போலாம்" என்றார் அத்தை. நின்றபடியே சத்தமாகப் படித்தேன். முக்கியமாக எதுவும் இல்லை, வீணாகப் பயந்து அம்மாவையும் பயமுறுத்தாதீர்கள் என்பதுவரை படித்தேன்.

அத்தை சிரித்தார். "பாத்தியா? நீதான் ஊரைக் கூட்டின. அவ பாத்துட்டுத்தானே சொல்றா. செருப்பைக் கழட்டு." எனக்கும் அப்போது மனசு லேசானது, அதை மறைக்கப்போவதில்லை. ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு அரை நாள் வேலைக்குப் போனேன்.

அன்றிலிருந்து கட்டு மாற்றும்போது அத்தை சத்தம் போடுவதை விட்டுவிட்டார். போர்வையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் போர்வையைப் பிடுங்கிவிட்டுக் கேட்டேன். "வலிக்குதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க." "வலிக்குதுன்னு சொன்னா நீ அவளுக்கு எழுதுவே. அவ சொன்னது தப்பாப் போயிடும். வேலை செய்யற இடத்துல அவ மனசு கெடும். கட்டு, பேசாம கட்டு" என்றார். பிறகு காய்ச்சல் வந்து நினைவு தப்பியபோதுதான் நான் யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனேன்.

கால் எடுத்த மூன்றாம் நாள் உன் அண்ணன் லாரியை எங்கேயோ போட்டுவிட்டு வந்தார். அத்தைக்கு நாக்கு வறண்டிருந்தது. நான் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எப்டிம்மா இவ்ளோ தூரம் முத்த விட்டீங்க? இவ பட்டியல்ல போட்டேங்கறா, சின்னு வரலேங்கறா. யாரும்மா சரியா பாக்கல?"

அத்தை என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு உன் அண்ணனிடம், "மருமகதாண்டா சரியா கவனிக்கல" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

நான் விட்டேன். பாதி தலையணையில் போயிற்று. அதையும் உன் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் வைத்து, "உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு, உன் மூஞ்சியிலேயே முழிக்க முடியல" என்றார். உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டார். "அவளை அனுப்பாதடா. அவ போயிட்டா என்னை யாரு தூக்குவா, யாரு கழுவிவிடுவா? சின்னுவா வந்து செய்வா?" அதனால் இருக்கிறேன். லீவு அதிகமானதால் கம்பெனியில் என் பேரை அடித்துவிட்டார்கள். உன் அண்ணன் ஃபோனில் அத்தையோடு மட்டும் பேசுகிறார்.

ஆக, நீ பயப்பட ஒன்றுமில்லை. இந்த வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை, அத்தை சொல்வதைத் தவிர. இதை எழுதும்போதும் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். "வலியெல்லாம் போயிடுச்சு, அம்மா நல்லா தூங்கறாங்கன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

தூங்கவில்லை. எடுத்துவிட்ட காலில் அந்த விரல் அரிக்கிறதாம். சொறிந்துவிடச் சொல்கிறார். இல்லையே அத்தை என்று முதலில் சொல்லிப் பார்த்தேன், அழுதார். இப்போது போர்வை தட்டையாக இருக்கிற இடத்தில் கையை வைத்து மெத்தையைச் சொறிகிறேன். இன்னும் கீழே, இன்னும் கொஞ்சம் கீழே என்கிறார். அவர் போதும் என்று சொல்லும்வரை சொறிகிறேன்.

அண்ணி